இருபது கொண்டை ஊசி வளைவுகளும் ஒரு பைக்கும்

ஓடும் பைக்கை இடது பக்கம் திருப்ப வேண்டுமானால், கைப்பிடியை முதலில் வலது பக்கம் திருப்ப வேண்டும். முப்பது வருடம் வண்டி ஓட்டியவரிடம் இதைச் சொன்னாலும் ஒப்புக்கொள்ள மாட்டார். ஆனால் அவரும் தினமும் இதைத்தான் செய்கிறார். அவருடைய கைக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

வண்டி நேராகப் போகும்போது வண்டியின் எடையும் ஓட்டுபவரின் எடையும் இரண்டு டயர்களும் தரையைத் தொடுகிற கோட்டுக்கு நேர் மேலே இருக்கின்றன. முன்சக்கரம் ஒரு கணம் வலது பக்கம் திரும்பினால் டயர்கள் வலது பக்கம் ஓடிவிடும். மேலே உள்ள எடை தன் போக்கில் நேராகவே போய்க்கொண்டிருக்கும். காலடி ஒரு பக்கம் வழுக்கினால் உடம்பு மறுபக்கம் சாய்கிறதல்லவா, அப்படி வண்டி இடது பக்கம் சாய்கிறது. சாய்ந்த அடுத்த கணமே முன்சக்கரம் தானாக இடது பக்கம் திரும்பிக்கொள்ள, வண்டி வளைவுக்குள் நுழைகிறது. விமானம் கண்டுபிடித்த ரைட் சகோதரர்கள் இருவரில் மூத்தவரான வில்பர், சைக்கிள் கடை நடத்தியவர். இடது பக்கம் எப்படித் திரும்புகிறீர்கள் என்று சைக்கிள் ஓட்டுபவர்கள் பலரிடம் கேட்டுப் பார்த்ததாகவும், ஒருவர்கூட முதல் தடவையில் சரியான பதிலைச் சொல்லவில்லை என்றும் அவர் பதிவு செய்திருக்கிறார். விமானத்தைச் சாய்த்துத் திருப்ப வேண்டும் என்ற எண்ணம் அந்தச் சகோதரர்களுக்கு இயல்பாக வந்ததில் சைக்கிளுக்குப் பெரிய பங்கு உண்டு.

சமதளச் சாலையில் இந்த அதிசயம் நம் கண்ணில் படுவதில்லை. அதைக் காட்டிக்கொடுக்க மலை வேண்டும். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் சுமார் 30 கிலோமீட்டர். அடிவாரத்தைத் தாண்டினால் இருபது கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை. சேலம் நகரம் கடல் மட்டத்துக்கு மேலே 278 மீட்டர். ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டி இருக்கிறது. அதையும் தாண்டி காப்பித் தோட்டங்களுக்கு நடுவே நாகலூர் போன்ற மலைக்கிராமங்கள். சேர்வராயன் கோயில் நிற்கும் உச்சி 1,600 மீட்டரையும் தாண்டுகிறது.

தனியாக பைக்கில் லடாக் போய்வர வேண்டும், ராஜஸ்தான் பாலைவனத்தைக் கடக்க வேண்டும் என்பது இன்றைக்கு ஏராளமான தமிழ் இளைஞர்களின், இளம்பெண்களின் கனவு. அந்தக் கனவுக்கு நீண்ட பாரம்பரியம் இருக்கிறது. 1973-இல் டெட் சைமன் என்ற ஆங்கிலப் பத்திரிகையாளர் 500 சிசி டிரயம்ஃப் வண்டியில் லண்டனிலிருந்து தனியாகக் கிளம்பினார். வட ஆப்பிரிக்கப் பாலைவனம், ஆண்டிஸ் மலை, இந்தியா என்று உலகைச் சுற்றிவர நான்கு வருடம் ஆயிற்று. 1980-களின் தொடக்கத்தில் எல்ஸ்பெத் பியர்ட் என்ற இளம்பெண் பழைய பிஎம்டபிள்யூ வண்டியில் அதேபோல் தனியாக உலகைச் சுற்றினார். இப்படிப்பட்ட பயணங்களில் ஒருவர் சந்திக்கும் இயற்பியலில் பெரும்பகுதி, சேலம் அடிவாரத்திலிருந்து நாகலூர் வரையுள்ள பாதையிலேயே சிறிய அளவில் இருக்கிறது என்பது என் துணிபு. காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருப்பவருக்கு அதில் பாதி தெரியாது. பைக்கில் தனியாகப் போகிறவருக்கோ பாறையும் காற்றும் மேகமும் நேராக உடம்பில் வந்து படுகின்றன. பேச்சுக்கு ஆள் இல்லாததால் கவனமும் முழுதாக அவற்றின் மேல் இருக்கிறது.

முதலில் சாலை. அடிவாரத்திலிருந்து உச்சிக்கு நேராக ஒரு கோடு போட்டால் மிகக் குறைந்த தூரத்தில் ஏறிவிடலாம், ஆனால் எந்த வண்டியாலும் ஏற முடியாது. ஆகவே சாலை போட்டவர்கள் தூரத்தைக் கூட்டி சரிவைக் குறைத்தார்கள். இருபது கிலோமீட்டருக்கு 1,100 மீட்டர் ஏற்றம் என்றால் நூறு மீட்டருக்கு ஐந்தரை மீட்டர்தான் ஏற வேண்டும். செய்ய வேண்டிய வேலையின் மொத்த அளவு மாறவில்லை, ஒரு நேரத்தில் தேவைப்படும் விசை மட்டும் குறைந்துவிட்டது. இந்தப் பேரத்துக்கு மலை கேட்கும் விலைதான் கொண்டை ஊசி வளைவு.

வளைவில் வண்டி எவ்வளவு சாய வேண்டும் என்பதை வேகமும் வளைவின் ஆரமும் தீர்மானிக்கின்றன. ஆரம் பத்து மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஏறக்குறைய 17 டிகிரி சாய்ந்தால் போதும். வேகத்தை 30 ஆக்கினால் 35 டிகிரி. வேகம் ஒன்றரை மடங்கு கூட, சாய்வு இரண்டு மடங்காகிறது, ஏனென்றால் கணக்கில் வருவது வேகத்தின் வர்க்கம். இந்தக் கணக்கில் எடை வரவே இல்லை. ஒல்லியானவர் தனியாகப் போனாலும், பின்னால் ஒருவரையும் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு போனாலும், அதே வளைவில் அதே வேகத்துக்கு அதே கோணம்தான்.

அந்த 35 டிகிரி சாய்வுக்கு டயருக்கும் சாலைக்கும் இடையில் 0.7 அளவு உராய்வு வேண்டும். நல்ல காய்ந்த தார்ச்சாலை அதைக் கொடுக்கும், ஆனால் மிச்சம் அதிகமில்லை. மழை பெய்தால் உராய்வு வெகுவாகக் குறையும். மழை மலைச்சரிவிலிருந்து அடித்துக்கொண்டு வந்த மணல் வளைவின் உள்ளோரத்தில் படிந்திருந்தால் இன்னும் மோசம், உலர்ந்த மணல்துகள்கள் டயருக்கடியில் உருளும். பாலைவனத்தில் ஓட்டுபவர்களுக்கு எந்நேரமும் இதே பிரச்சினைதான். தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காட்டின் செம்மணலில் வண்டியை இறக்கியவர்களுக்கும் இது தெரியும். ஈரமணலில் துகள்களுக்கு இடையே உள்ள நீர் அவற்றை இழுத்துப் பிடித்துக்கொள்வதால் கடற்கரையின் அலையோரத்தில் சைக்கிளே ஓடும். உலர்ந்த மணலுக்குப் பிடிமானம் கிடையாது, திரவம் போல விலகி ஓடும். அதனால்தான் பாலைவனம் போகிறவர்கள் டயரில் காற்றைக் குறைத்து, தரையைத் தொடும் பரப்பைக் கூட்டிக்கொள்கிறார்கள். மலைவளைவில் அதைச் செய்ய முடியாது. மணலைக் கண்ணால் பார்த்து வேகத்தைக் குறைப்பது ஒன்றுதான் வழி.

இருசக்கர வண்டி ஏன் விழாமல் நிற்கிறது என்ற கேள்விக்கே விஞ்ஞானம் இன்னும் முழுமையான பதில் சொல்லிவிடவில்லை. பிரான்சிஸ் விப்பிள் 1899-இலேயே சைக்கிளின் இயக்கச் சமன்பாடுகளை எழுதிவிட்டார். சுழலும் சக்கரம் பம்பரம் போல நிலையாக நிற்க முயல்வதால்தான் வண்டி விழுவதில்லை என்று பலர் நம்பினார்கள். 1970-இல் டேவிட் ஜோன்ஸ் என்ற ஆங்கில வேதியியலாளர், எதிர்த்திசையில் சுழலும் இன்னொரு சக்கரத்தைப் பொருத்தி அந்தப் பம்பர விளைவை ரத்து செய்தார். அப்படியும் சைக்கிளை ஓட்ட முடிந்தது. முன்சக்கரம் தரையைத் தொடும் இடம் கைப்பிடி அச்சுக்குச் சற்றுப் பின்னால் இருப்பதுதான் காரணம் என்று பிறகு சொன்னார்கள். 2011-இல் அமெரிக்க, நெதர்லாந்து ஆய்வாளர்கள் அந்த இரண்டு காரணங்களையும் நீக்கிவிட்டு ஒரு சிறு வண்டியைச் செய்து தள்ளிவிட்டார்கள். அது ஆளில்லாமல் தானே நேராக ஓடியது. எடை எங்கெங்கே எப்படிப் பரவியிருக்கிறது என்பதும் சேர்ந்துதான் இந்த நிலைத்தன்மையைத் தருகிறது. தெருவில் ஓடும் ஒவ்வொரு பைக்கும் இந்தப் புதிரைச் சுமந்துகொண்டுதான் போகிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

இனி பாறை. அடிவாரத்துக்கு வரும்முன்பே சேலத்தின் வடக்கே வெள்ளை வெள்ளையாகக் குவியல்கள் தெரியும். உள்ளூரில் வெள்ளைக்கல் என்பார்கள். மேக்னசைட் என்பது அதன் கனிமப்பெயர். மேக்னசைட் ஜங்ஷன் என்று ஒரு ரயில் நிலையமே இருக்கிறது. பூமியின் ஆழத்தில் உருவாகும், மக்னீசியம் மிகுந்த ஒருவகைப் பாறை மேலே வந்து, அதன் விரிசல்களில் நீரும் கரியமில வாயுவும் புகுந்து வினைபுரிந்ததால் உண்டான வெள்ளை நாளங்கள் அவை. சுட்டால் கிடைக்கும் மக்னீசியா 2,800 டிகிரி அளவில்தான் உருகும். ஆகவே எஃகு உருக்கும் உலைகளுக்கு உள்சுவர் கட்ட அந்தக் கல்தான் உதவுகிறது. பைக்கின் சட்டமும் செயினும் எஃகு. எஃகு இருக்கிற இடமெல்லாம் எங்கோ ஒரு மக்னீசியா செங்கல் வெந்திருக்கிறது.

வளைவுகளில் ஏறத் தொடங்கியதும் சாலையோரம் வெட்டப்பட்ட கரும்பாறை தெரியும். புதிதாக உடைந்த இடத்தில் எண்ணெய் தடவியதுபோலப் பசுமை கலந்த சாம்பல் நிறம். அது சார்னோக்கைட். சென்னையில் பரங்கிமலையும் பல்லாவரம் குன்றுகளும் இதே இனம். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன், தரைக்குக் கீழே இருபது கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், 700, 800 டிகிரி வெப்பத்தில் உருவான பாறை இது. அப்போது பூமியில் செடிகொடி இல்லை, விலங்கு இல்லை, காற்றில் பிராணவாயுவும் ஏறக்குறைய இல்லை. அதன்மேல் கிடந்த அத்தனை கிலோமீட்டர் பாறையும் மழையிலும் வெயிலிலும் கரைந்து, அரிக்கப்பட்டு, கடலுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் இது வெளிச்சத்தைப் பார்த்தது. ஏழாவது வளைவிலோ எட்டாவது வளைவிலோ வண்டியை ஓரம்கட்டி அந்தப் பாறையின்மேல் கையை வைப்பவர், ஒரு காலத்தில் எந்தச் சுரங்கமும் எட்ட முடியாத ஆழத்தில் இருந்த ஒன்றைத் தொடுகிறார்.

உச்சியில் கதை மாறுகிறது. மலையின் தலை தட்டையாக இருப்பதால் மழைநீர் ஓடிவிடாமல் நின்று இறங்குகிறது. கோடிக்கணக்கான ஆண்டுகள் சூடும் ஈரமும் சேர்ந்து பாறையிலிருந்த சிலிக்காவைக் கரைத்துக் கொண்டுபோக, அலுமினியமும் இரும்பும் மட்டும் செந்நிற மேலோடாகத் தங்கின. அதுதான் பாக்சைட். மேட்டூரிலிருந்த அலுமினிய ஆலைக்குப் பல ஆண்டுகள் இந்த மலையிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் பாக்சைட் வெட்டிக் கொண்டுபோனார்கள். பைக் என்ஜினின் பிஸ்டனும் சிலிண்டரின் தலைப்பகுதியும் அலுமினியக் கலவைதான். எடை குறைவு, வெப்பத்தைச் சீக்கிரம் கடத்தும் என்பதால் வேறெந்த உலோகமும் அங்கே எளிதில் ஈடாகாது. அடிவாரத்து வெள்ளைக்கல்லுக்கும் உச்சியின் செந்நிறக் கல்லுக்கும் இடையே ஓடும் அந்த வண்டி, இந்த மாதிரி மலைகளின் உடம்பிலிருந்து பிறந்ததுதான்.

பத்தாவது வளைவைத் தாண்டினால் வண்டி ஓட்டுபவர்கள் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு: வண்டி இழுக்கவில்லை. நூறு சிசி வண்டியில் இரண்டு பேர் போனால் அது நன்றாகவே தெரியும். சரிவு மட்டும் அதற்குக் காரணமில்லை. பெட்ரோல் எரியப் பிராணவாயு வேண்டும், மேலே போகப்போகக் காற்று மெலிகிறது. சேலத்தில் இருக்கும் காற்றழுத்தத்தில் ஏறக்குறைய 86 சதவீதம்தான் ஏற்காட்டில் இருக்கிறது. குளிர்ந்த காற்று சற்று அடர்த்தியானது என்பதால் கொஞ்சம் ஈடுகட்டிக்கொள்ளலாம். எல்லாம் போக, ஒவ்வொரு முறை சிலிண்டர் மூச்சிழுக்கும்போதும் சேலத்தில் கிடைத்ததைவிடப் பத்துப் பன்னிரண்டு சதவீதம் குறைவான பிராணவாயுதான் உள்ளே போகிறது. என்ஜினின் சக்தியும் கிட்டத்தட்ட அந்த அளவுக்குக் குறைகிறது. லடாக்கின் கர்துங் லா கணவாய் 5,359 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. வண்டியும் பாதி வண்டியாகிவிடுகிறது, ஓட்டுபவரின் நுரையீரலுக்கும் அதே கதிதான்.

பழைய கார்புரேட்டர் வண்டிக்கு இந்த மாற்றம் தெரியாது. காற்று மெலிந்ததற்கு ஏற்ற அளவு பெட்ரோலைக் குறைக்காது. ஆகவே கலவையில் பெட்ரோல் மிகுந்துபோய், பாதி எரிந்து கரும்புகை வரும், ஸ்பார்க் பிளக் கரி பிடிக்கும். அந்தக் காலத்தில் லடாக் போன வண்டிகளுக்கு மெக்கானிக்குகள் சிறிய துளையுள்ள ஜெட் மாற்றிக் கொடுத்ததற்கு இதுவே காரணம். இன்றைய வண்டிகளில் காற்றழுத்தத்தை அளக்கும் சென்சார் இருக்கிறது. வளைவுக்கு வளைவு அது அளந்து சொல்ல, பெட்ரோலின் அளவு தானாகக் குறைகிறது. இழந்த சக்தியை அதனால் திருப்பித் தர முடியாது, வீணாவதை மட்டும் தடுக்கும். தமிழ்நாட்டுக்கும் இமயத்துக்கும் இந்த விஷயத்தில் ஒரு பழைய உறவு உண்டு. எல்லைக் காவலுக்காக இந்திய ராணுவம் கேட்ட 350 சிசி புல்லட் வண்டிகளை ஒட்டியே 1950-களின் நடுவில் சென்னை திருவொற்றியூரில் என்ஃபீல்டு தொழிற்சாலை பிறந்தது.

என்ஜினுக்கு இழப்பாக வருவது தோலுக்குச் சுகமாக வருகிறது. மேலே போகும் காற்று அழுத்தம் குறைந்து விரிவடைகிறது, விரிவடையும்போது தன் வெப்பத்தைச் செலவழிக்கிறது. சராசரியாக ஒரு கிலோமீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி குறையும். ஆகவே சேலத்தைவிட ஏற்காடு எட்டு டிகிரி அளவுக்குக் குளிர்ந்திருக்கும். பைக்கில் போகும்போது வீசும் காற்று, நம் தோலை ஒட்டி நிற்கும் சூடான மெல்லிய காற்றுப்படலத்தை அள்ளிக்கொண்டு போவதால் இன்னும் குளிர்கிறது. பாலைவனத்தில் இது தலைகீழ். தோலின் வெப்பம் 33, 34 டிகிரி. ஜெய்சல்மேரின் கோடையில் 45 டிகிரிக் காற்று வேகமாக மேலே பட்டால் அது வெப்பத்தை உள்ளே தள்ளும், வியர்வையையும் நொடியில் உறிஞ்சிவிடும். அங்கே கையில்லாத பனியனோடு போகிறவர், உடம்பை மூடிய சட்டை போட்டவரைவிடச் சீக்கிரம் சோர்ந்துவிடுவார்.

மேகத்துக்குள் நுழையும் வளைவு எது என்பதை அடிவாரத்திலேயே கணக்கிட்டுவிடலாம் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். காற்றில் உள்ள ஈரம் எந்த வெப்பநிலையில் பனித்துளியாகுமோ அதைப் பனிநிலை என்கிறோம். தரையில் வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒவ்வொரு டிகிரிக்கும் 125 மீட்டர் என்று பெருக்கினால் மேகத்தின் அடிமட்டம் கிடைக்கும். சேலத்தில் வெப்பநிலை 28, பனிநிலை 22 என்று வைத்துக்கொள்வோம். ஆறு டிகிரிக்கு 750 மீட்டர், அதோடு சேலத்தின் உயரம் 278. ஆக 1,028 மீட்டரில், அதாவது பாதி மலைக்குச் சற்று மேலே, மேகம் தொடங்கும். வெயில் ஏறி 32 டிகிரி ஆனால் மேகமும் மலை உச்சிக்கு ஏறிவிடும். இந்த ஈரத்தை நம்பியே இங்கே ஆர்க்கிட் செடிகள் மரக்கிளைகளில் தொற்றி வாழ்கின்றன. அவற்றின் வேரைச் சுற்றி பஞ்சு போன்ற உறை, மழையையும் பனியையும் உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனம் 1963-இல் ஏற்காட்டில் ஆர்க்கிட் தோட்டத்தை அமைத்ததற்கு இந்தத் தட்பவெப்பம் ஒரு காரணம்.

காற்று ஏறினால் குளிரும், குளிர்ந்தால் ஈரத்தை உதிர்க்கும் என்ற இந்த ஒரே விதிதான் மலைக்காட்டையும் செய்கிறது, மலைக்கு மறுபுறத்துப் பாலையையும் செய்கிறது. ஈரக்காற்று மழையைக் கொட்டிக்கொண்டே ஏறும்போது கிலோமீட்டருக்கு ஆறு டிகிரி அளவில்தான் குளிர்கிறது, ஏனென்றால் நீராவி நீராகும்போது வெப்பத்தை விடுகிறது. ஈரம் போன பிறகு மறுபுறம் இறங்கும்போதோ கிலோமீட்டருக்குப் பத்து டிகிரி சூடாகிறது. கிளம்பியபோது இருந்ததைவிடச் சூடாகவும் வறண்டும் தரைக்கு வருகிறது. ஏற்காட்டில் வருடத்துக்கு 1,500 மில்லிமீட்டர் அளவில் மழை. இமயத்தின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் லேயில் சுமார் 100 மில்லிமீட்டர்தான். பனிமலைகளுக்கு நடுவிலேயே பாலைவனம் கிடப்பது லடாக் போகிறவர்களைத் திகைக்க வைக்கும். தார்ப் பாலைவனத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. மேலிருந்து கீழே அமிழும் வறண்ட காற்றும், தென்மேற்குப் பருவக்காற்றுக்குக் குறுக்கே நிற்காமல் இணையாகப் படுத்திருக்கும் ஆரவல்லித் தொடரும் அவற்றில் முக்கியமானவை. நம் முன்னோர் பாலைக்குத் தனி நிலம் ஒதுக்கவில்லை, குறிஞ்சியும் முல்லையும் வறண்டு திரிந்தால் பாலையாகும் என்றார்கள். மழை நின்றால் எந்த நிலமும் அப்படி ஆகும் என்று இன்றைய வானிலை அறிவியலும் சொல்கிறது.

மார்ச், ஏப்ரலில் கோடை மழை விழுந்து பத்து நாளுக்குள் நாகலூர்ப் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொரு பரிசு உண்டு. காப்பிச் செடிகள் ஒரே நேரத்தில் வெள்ளையாகப் பூத்து நிற்கும். மல்லிகையை நினைவூட்டும் அந்த வாசனை ஹெல்மெட்டுக்குள்ளும் வந்துவிடும். எத்தியோப்பிய மலைகளைப் பிறப்பிடமாகக் கொண்ட அராபிகா காப்பியை 1820-களில் சேலம் ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன் இங்கே கொண்டுவந்தார். பிறந்த மலையின் குளிரும் இந்த மலையின் குளிரும் ஒத்துப்போனதால் அது நிலைத்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் அதற்கு நிழல் தருகிறது, அந்த மரத்தில் நம் மிளகுக்கொடி ஏறுகிறது.

மேகம் அழகானது, ஓட்டுபவருக்கு ஆபத்தானதும்கூட. குறுக்கே வருவதைக் கண்டு பிரேக்கை மிதிக்க மனிதருக்கு ஒன்றரை விநாடி வரை ஆகும். 40 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஒன்றரை விநாடிக்குள் வண்டி கிட்டத்தட்ட 17 மீட்டர் போய்விடும். அடர்ந்த மேகத்தில் கண்ணுக்குத் தெரிவதே 15 மீட்டர்தான் என்றால், காட்டெருமை நிற்பதைப் பார்த்துவிட்டுப் பிரேக்கைத் தொடும்முன்பே மோதியாகிவிடும். 20 கிலோமீட்டரில் போனால் பிரேக் பிடித்து நிற்பதற்கும் சேர்த்து 12 மீட்டருக்குள் அடங்கிவிடும்.

இறக்கம்தான் இந்தப் பயணத்தின் மிகக் கடினமான பாடம். வண்டியும் ஓட்டுபவருமாக 250 கிலோ என்று கொள்வோம். 1,100 மீட்டர் ஏறியதில் 27 லட்சம் ஜூல் ஆற்றல் சேர்ந்திருக்கிறது. அதற்காக என்ஜின் குடித்தது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு லிட்டர் பெட்ரோல். இறங்கும்போது அந்த ஆற்றல் அனைத்தும் எங்கேயாவது போயாக வேண்டும். காற்றும் டயரும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், மிச்சமெல்லாம் பிரேக்கில் வெப்பமாக இறங்கும். எட்டு லிட்டருக்கும் மேற்பட்ட குளிர்ந்த தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம் அது. பின்னால் ஒருவர் உட்கார்ந்தால் பதினொரு லிட்டர். வளைவில் சாயும் கோணத்தில் காணாமல்போன எடை, இங்கே முழுதாக வந்து நிற்கிறது.

அந்த வெப்பத்தில் பிரேக் லைனிங் பிடிமானத்தை இழக்கும். டிஸ்க் பிரேக்கின் எண்ணெய் புதிதாக இருக்கும்போது 230 டிகிரிவரை கொதிக்காது. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் இயல்புள்ளது. பழைய, ஈரம் ஏறிய எண்ணெய் 155 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதித்தால் குமிழி, குமிழி வந்தால் அழுத்தம் போகாது, லீவர் சும்மா கைப்பிடியைத் தொட்டுக்கொண்டு நிற்கும். 2024 ஏப்ரல் கடைசியில் ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கிய பேருந்து ஒன்று இந்த வளைவுகளில் கவிழ்ந்து உயிர்கள் போயின. விபத்துக்கு விபத்து காரணம் வேறாகலாம். மலையிறக்கத்தில் இருக்கும் ஆற்றலின் அளவு மட்டும் மாறுவதில்லை.

இதற்கு மருந்து வண்டிக்குள்ளேயே இருக்கிறது. இரண்டாவது கியரில் வைத்து ஆக்சிலேட்டரை விட்டுவிட்டால், சக்கரம் என்ஜினைச் சுழற்ற வேண்டியிருக்கும். மூடிய வாயிலை எதிர்த்துப் பிஸ்டன் காற்றை இழுக்கப் போராடுகிறது, அந்தப் போராட்டம் வண்டியைத் தடுக்கிறது. பிரேக்குக்குப் போக வேண்டிய வெப்பத்தில் பெரும்பங்கு சிலிண்டரின் அலுமினிய இறகுகள் வழியாகக் காற்றில் கலந்துவிடுகிறது. ஆனால் சேலத்துப் பக்கம் மட்டுமல்ல, எல்லா மலைப்பாதைகளிலும் நான் பார்க்கும் பழக்கம் வேறு. பெட்ரோல் மிச்சம் என்று எண்ணி என்ஜினை அணைத்து, நியூட்ரலில் போட்டு, சத்தமில்லாமல் இறங்குகிறார்கள். 2020-இல் பிஎஸ் 6 என்ற மாசுக்கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு விற்கப்படும் பெரும்பாலான வண்டிகளில், கியரில் இருந்து ஆக்சிலேட்டரை விட்ட உடனேயே கணினி பெட்ரோலை முழுவதுமாக நிறுத்திவிடுகிறது. கியரில் இறங்கும் அந்த வண்டி ஒரு சொட்டுகூடக் குடிப்பதில்லை. அணைத்து இறங்குபவர் அதைவிட எதையும் மிச்சம் பிடிப்பதில்லை, என்ஜினின் தடுப்பை மட்டும் இழக்கிறார். சாவியைத் திருப்பியதால் ஹாரன் இல்லை, விளக்கு இல்லை, ஏபிஎஸ் உள்ள வண்டியானால் அதுவும் இல்லை.

ஆகவே நாகலூரிலிருந்தோ ஏற்காட்டிலிருந்தோ தனியாக இறங்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் ஒரு வேண்டுகோள். எந்தக் கியரில் ஏறினீர்களோ அந்தக் கியரிலேயே இறங்குங்கள். என்ஜினை அணைக்காதீர்கள். மேலே ஏறிவரும் பேருந்துக்கு வளைவில் வழிவிட்டு நில்லுங்கள், விதியும் அதையே சொல்கிறது. கிளம்பும்முன் எந்தப் பாதையில் இறங்குகிறீர்கள் என்று வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவிடுங்கள். பிரேக் எண்ணெய் மாற்றி இரண்டு வருடம் ஆகிவிட்டதென்றால், மலையேறும் முன்பே மாற்றிவிடுங்கள்.